பிறந்த வீட்டுக் கோடி

"அந்தத் துணி என் வாசப்படியத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா அடுப்புல..."

"போடு ஆத்தா, அடுப்புலயே போடு. ஆனா பொறந்த வீட்டுக் கோடி வராம ஒம்மருமக கழுத்துல யாரு கை வைக்கிறது?"

"பொறந்த வீடா? எதுடி பொறந்த வீடு? எம்மவன் கழுத்த அறுத்த வீடா?"

"ஒம்மவன் மட்டும் பூப்பறிச்சுக்கிட்டு நின்னாராக்கும்! எம்புருசன் கொடலக் கையில ஏந்திக்கிட்டு விடியிற வரைக்கும் கெடந்துச்சே, அது யாரு வெட்டுன வெட்டு? பேயா வந்து வெட்டுச்சு?"

"எம்மவன் சாஞ்ச பொறவு எங்க லயத்து ஆளுக வெட்டுன வெட்டு அது. நல்லா வெட்டுனாங்க! இன்னும் நாலு வெட்டு சேத்து..."

இரண்டு குரலும் தகரக் கூரையில் மோதி உள்ளே விழுந்துகொண்டிருந்தன. தோட்டத்து வரிசைவீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில், தலையில் தண்ணீர் ஊற்றி ஈரத்தோடு உட்கார வைக்கப்பட்டிருந்த பூவாயி இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலுக்கு உள்ளே நின்று கத்துகிறவள் மாமியார் இராக்கம்மா. வெளியே, இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியை அணைத்துக்கொண்டு கத்துகிறவள் அண்ணன் பெண்சாதி அங்கம்மா. ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்தவள். இன்னொருத்தி புருஷனைப் பறிகொடுத்தவள். நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்குப் புருஷனும் போனான், அண்ணனும் போனான். புருஷனைக் கொன்றது அண்ணன்.

இன்று அவள் புருஷன் சடையனுக்குப் பதினாறாம் நாள். தாலி அறுக்கிற நாள். அறுப்பதற்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து அவள்மேல் விழ வேண்டும். கொண்டுவர வேண்டியவன் கூடப்பிறந்தவன். அந்தக் கூடப்பிறந்த வெள்ளையன் ஓடைக்குப் பக்கத்துப் புதைகாட்டில், சடையனுக்கு எட்ட நின்று பேசுகிற தூரத்தில் கிடந்தான். அவன் உயிர் மறுநாள் விடியலில்தான் போயிற்று. அதனால் அவனுக்குப் பதினாறு நாளைக்கு. அங்கம்மாவின் கழுத்திலும் கயிறு இன்னும் இருந்தது. தன் கயிறு அறுபடுவதற்கு முதல்நாள் நாத்தனாருக்குக் கோடி எடுத்துக்கொண்டு கீழ் லயத்திலிருந்து ஒற்றையாய் ஏறி வந்திருந்தாள்.

"விடுங்க அத்தே," என்றாள் பூவாயி. யார் காதிலும் அது விழவில்லை.

கொழுந்தன் மாடசாமி அடுப்படிச் சுவரோரம் குந்தி, கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்துகிற, நுனி வளைந்த கத்தி. பிடியில் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். தோட்டத்தில் எந்தக் கத்தி யாருடையது என்று பிடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்; செப்புக் கம்பி சுற்றியது சடையனுடையது ஒன்றுதான். பண்டாரவளையிலிருந்து போலீஸ் வந்தபோது மாடசாமி வேறொரு மழுங்கல் கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டு இதைத் தகரத்துக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டான். ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கொண்டார்கள், இரண்டு பேரும் செத்தார்கள், இனி யார்மேல் வழக்கு என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. தோட்டத்துத் துரையும் சரி என்றுவிட்டார். மாடசாமிக்குத்தான் சரியாகவில்லை.

"நாளைக்கு அந்த அங்கம்மாவுக்குக் கோடி கொண்டாருவான்ல, அவ தம்பி," என்றான், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பையா. பூனாகலையில இருந்து ஒத்தையடிப் பாதையிலதான் எறங்கணும். கோடியோட சேத்து அவனையும் கட்டி அனுப்புறேன். அந்த வீட்டுக்கு இனிமே கோடி கொண்டார ஆம்பள இருக்கக் கூடாது."

வெளியே அங்கம்மாவின் குரல் அப்படியே நின்றது. பிறகு, "ஆத்தா, அவன் புள்ளகுட்டிக்காரன் ஆத்தா," என்றாள். அதுவரை கத்திய வாய்தானா என்று கேட்கும்படி இருந்தது.

"அழு," என்றாள் இராக்கம்மா. "நல்லா அழு." பிறகு உள்ளே திரும்பினாள். "அடியே, ஈரத்துணியோட குந்தி எம்புட்டு நேரமாச்சு. சனம் காத்துக் கெடக்கு. பாட்டத் தொடங்கு. எம்மவன் வாழ்ந்ததச் சொல்லு. சும்மா நின்னவனோட இடுப்புக் கத்தியப் புடுங்கி ஒங்கண்ணன் வெட்டுனதையும் சொல்லு. சபையறியச் சொல்லு."

சனம் காத்துத்தான் கிடந்தது. லயத்து வாசல் முழுக்கப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால், மேட்டில், கைலியை மடித்துக் கட்டிய ஆண்கள். பூவாயி வாயிலிருந்து வரும் ஒப்பாரிக்குத் தோட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. விஷக் காய்ச்சல் வந்து லயம் லயமாய் அள்ளிக்கொண்டு போன வருஷம் அவள் பாடாத வாசல் இல்லை. செத்தவள் எப்படிக் கொழுந்து கிள்ளினாள், எந்தக் கங்காணியை ஏசினாள், கடைசியில் யார் பேரைச் சொல்லித் தண்ணீர் கேட்டாள் என்று ஒன்றையும் விடமாட்டாள். ஒப்பாரியில் வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. செத்தவர் கதை அதுதான் என்று நின்றுவிடும். இல்லாததை ஏற்றிப் பாடினால் மண்ணுக்குள் இருக்கிறவர் புரண்டு படுப்பார் என்று ஒரு பயம் எல்லாருக்கும்.

அவளுக்கு அண்ணன்தான் முதலில் நினைவுக்கு வந்தான். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் பேதியில் போனபோது இவளுக்கு நடை வரவில்லை. அவனே மீசை அரும்பாதவன். கொழுந்துச் சாக்கில் இவளை முதுகோடு கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்பானாம். "எத்தனை பேருடா?" என்று கங்காணி கேட்டால், "ஒண்ணேகால் பேருங்க" என்பானாம். பிறகு ரயில் பாதைக்குக் கல் உடைக்கிறேன் என்று தெமோதரைப் பக்கம் போய், வெடியில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தான். இவள் கதறியபோது, "அட போ புள்ள, தப்பு அடிக்க மூணு வெரலு தாராளம்" என்றான். அந்த மூன்று விரலால் அவன் தப்புப் பறையைத் தொட்டால் ஹல்துமுல்லைக் கடைத்தெருக்காரன்கூட ஏறி வருவான்.

புருஷனும் மோசமான மனிதன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சடையன் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி மட்டமாய் இருக்கும். ஒரு கொப்பு சிதறியிருக்காது. குளிர்க்காய்ச்சலில் இவள் நினைவில்லாமல் கிடந்தபோது, கொட்டுகிற மழையில் முதுகில் போட்டுக்கொண்டு வைத்தியர் வீடுவரைக்கும் இறங்கினான். வழி முழுக்க ஏச்சு. "செத்தேன்னா ஒன்னையக் கொன்னுபுடுவேன்" என்று ஏச்சு. அதே கைதான், வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்ட நாளெல்லாம் இவள்மேல் இறங்கும். கத்தியின் முதுகுப்பக்கத்தால் அடிப்பான். வெட்டாது, எலும்பு வரை போகும். காமன் கூத்துக்கு முந்தின நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் முழங்கைத் தழும்பை வெள்ளையன் பார்த்தான். என்ன என்று கேட்கவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டு, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் பொழுது சாய்கிற வேளையில் காமன் பொட்டலில் லாவணி. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சி கட்டிப் பாடுவது. சிவன் நெற்றிக்கண் திறந்ததில் காமன் சாம்பலானான் என்பது எரிந்த கட்சி, அதற்கு வெள்ளையன். உடம்பு மறைந்ததே ஒழியக் காமன் எரியவேயில்லை என்பது எரியாத கட்சி, அதற்குச் சடையன். வருஷா வருஷம் மாமன் மச்சான் இரண்டு பேரும் இப்படித்தான் நிற்பார்கள். ஒருவரையொருவர் கழுதை, குட்டிச்சுவர் என்று பாடிவிட்டு, முடிந்ததும் ஒரே போத்தலில் குடிப்பார்கள்.

அன்றைக்குப் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டி நிற்கிறவனுக்கு முகம் தெரியாது. பூவாயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சடையன் கையை ஆட்டிக்கொண்டு கேட்டான்:

"எரிஞ்சான்னு சொல்லுறியே, எரிஞ்சதுக்குச் சாட்சி எங்கே?
ஊருலகில் புள்ளை பொறப்பு ஓஞ்சுதான் போயிருச்சா?"

கூட்டம் 'ஆகா' என்றது. வெள்ளையன் தப்பை மெதுவாகத் தட்டினான். தங்கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு எடுத்தான்:

"சாட்சி கேட்ட மச்சானே, சத்தியமாச் சொல்லுறேன்,
ஒங்க வீட்டு உத்தரத்தில் ஒத்தத் தொட்டில் காணலையே!"

அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பொட்டல் அதற்குமுன் கேட்டதில்லை. சடையனின் மேல் லயத்து ஆட்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாடசாமிகூடச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் சடையன் இடுப்பிலிருந்து கத்தியை உருவியதைப் பூவாயி பார்த்தாள். செடியின் தூரில் போடுகிற மாதிரி, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. தப்பின் தோல் கிழிந்து அதற்குப் பின்னால் வயிறும் கிழிந்தது. வெட்டிவிட்டு, தான்தான் வெட்டினோமா என்பதுபோல அவன் வெள்ளையன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பில்தான் அண்ணன் அவன்மேல் விழுந்தான், கத்தியைப் பிடுங்கினான், கழுத்தில் இழுத்தான். சூடாய் ஒரு கோடு பூவாயியின் கன்னத்தில் வந்து விழுந்தது. மூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பார்த்தது சடையன் சாய்ந்ததையும், கத்தியும் கையுமாய் வெள்ளையன் நின்றதையும்தான். பிறகு கல்லும் கம்பும் கத்தியுமாய் அவன்மேல் பாய்ந்தார்கள். எது யார் காயம் என்று பிறகு யாருக்குத் தெரியும்?

அவளுக்குத் தெரியும்.

"என்னடி வாயடச்சுப் போயிருக்க? பாடு!" என்றாள் இராக்கம்மா.

பூவாயி மாரில் ஒரு தடவை அடித்துக்கொண்டாள். வாசலில் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து குனிந்தார்கள்.

"மட்டம் பாத்து வெட்டும் கையி,
மழையில என்னச் சொமந்த கையி,
கொப்பறிஞ்சு வெட்டும் கையி,
கோவமறிஞ்சு நிக்கலையே..."

இராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாடசாமியின் கல்லும் நின்றது. பூவாயி நிறுத்தவில்லை.

"பாட்டெடுத்தான் எங்கண்ணன்,
பாத்தவுக சிரிச்சாக,
இடுப்புக் கத்தி உருவுனது
எஞ்சாமி நீயல்லவா,
மொத வெட்டு வெட்டிப்புட்டு
மொகம் பாத்து நின்னியே..."

கூட அழுத குரல்கள் ஒவ்வொன்றாய் அறுந்தன. மேட்டில் யாரோ, "என்ன சொல்லுது?" என்றான். மாடசாமி கத்தியோடு எழுந்து வந்த வேகத்தில் அடுப்புச் சட்டி உருண்டது. மறு கையின் புறங்கையால் அறைந்தான். அவள் தலை சுவரில் போய் மோதியது. உதடு கிழிந்து ஈரத்துணியில் சொட்டியது.

"எங்கண்ணனத் தின்னுட்டு ஒங்கண்ணனுக்குச் சாட்சி சொல்றியா? எங்க, இன்னொரு தரம் சொல்லு!"

அவள் வாயைத் துடைத்துக்கொள்ளாமல் சொன்னாள். அதே வரிகள்தான், அதே இழுப்பில். இரண்டாம் தடவை அறைந்தான். மூன்றாம் தடவை அவள் தொடங்கியபோது ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. ஒப்பாரியில் வந்துவிட்டதை அறைந்து அழிக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். இராக்கம்மா யாரையும் தடுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்து, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள் மகனிடம். "இடுப்புக் கத்தி... அவங்கிட்ட இருந்து யாரு புடுங்க முடியும்? தூக்கத்துல கூட விடமாட்டான்." தலையில் அடித்துக்கொண்டாள். "இருந்தாலும் நீ சொல்லியிருக்கக் கூடாதுடி. நீ சொல்லியிருக்கக் கூடாது."

வாசலை மறிக்க இப்போது ஆளில்லை. ஆனாலும் அங்கம்மா படியேறவில்லை. பூவாயி சுவரைப் பிடித்து எழுந்து, மாமியாரைச் சுற்றிக்கொண்டு போய், படிக்கு உள்ளே நின்றபடி கையை நீட்டினாள்.

"குடுங்க மதினி."

"நாந்தான் போடணும் புள்ள. நீயா போட்டுக்கக் கூடாது."

"அப்ப போடுங்க."

அங்கம்மா படியைத் தாண்டாமல் எட்டித் துணியை அவள் தோளில் போட்டாள். போட்ட இடத்திலேயே உதட்டு ரத்தம் ஊறிப் பரவியது. அங்கம்மாவின் பார்வை அவளைத் தாண்டி உள்ளே, மாடசாமியின் கையிலிருந்த கத்தியிலேயே இருந்தது. நாளைக்கு ஒற்றையடிப் பாதையில் ஒருத்தன் இறங்கி வருவான். அவனை எச்சரிக்கப் பூனாகலைவரை அனுப்ப அவளுக்கு ஆளில்லை.

பூவாயி திரும்பி வந்தாள். மூலையில் உட்காரவில்லை. காம்பராவின் நடுவில், மாடசாமியின் காலடியில் உட்கார்ந்து, ஈரமுடியை ஒரு பக்கமாய் ஒதுக்கி, மஞ்சள் வெளிறிய கயிற்றைக் கழுத்திலிருந்து விரலால் இழுத்துப் பிடித்தாள். வாசல் பெண்கள் ஒருவரும் அசையவில்லை. மேட்டு ஆண்கள் இரண்டடி இறங்கி வந்திருந்தார்கள். மூட்டம் அவர்கள் முழங்கால் வரை வந்திருந்தது. தீட்டிய கத்தியின் வளைவில் அடுப்பு வெளிச்சம் ஒரு கோடாய் ஓடி நின்றது.

அவள் கையை மேலே நீட்டினாள்.

"கயித்த அறுக்கணும் தம்பி. ஒங்கண்ணன் கத்திய எங்கிட்டக் குடு."