நாடிக்கேற்ற நாற்காலி

மனித உடம்பில் பொய் சொல்லத் தெரியாத ஒரே உறுப்பு இதயம். இந்த மகத்தான உண்மையைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, ஐம்பது கடந்தோர் ஓட்டக் கழகத்தின் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். திறப்பு விழாவன்றே ஒரு பக்கத்து ஆணி கழன்றுவிட்டதால், உண்மை அன்று முதல் கொஞ்சம் சாய்ந்தே தொங்கியது.

கழகத்தில் எல்லாம் இதயத்தின்படிதான் நடக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக பெஞ்சில் ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செயலாளர் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி, கரும்பலகையில் எழுதுவார். எத்தனைக்கெத்தனை மெதுவாகத் துடிக்கிறதோ அத்தனைக்கத்தனை பெரிய ஆள். நாற்காலி அந்த வரிசையில். ஓடி முடித்தபின் குளியலறை அந்த வரிசையில். தொடர் ஓட்டத்துக்கு அணி பிடிப்பதும் அந்த வரிசையில்தான்.

உச்சியில் ஆறு வருடமாக நாற்பத்தாறு என்ற எண் குடியிருந்தது. அது தலைவருடையது. குடிநீர் வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். ரத்தக்குழாயைப் பற்றிப் பேசும்போதுகூட, ஏதோ தாம் மனது வைத்துத் திறந்துவிட்டதால்தான் உள்ளே ஓடுகிறது என்ற தோரணை இருக்கும்.

கடைசி எண் எழுபத்தாறு. அது டிரைவரம்மாவுடையது. வயது ஐம்பத்திரண்டு, அதில் பாதியை நகரப் பேருந்தின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவள். நானூறு மீட்டரை எண்பது விநாடிக்குள் முடிப்பாள். கழகத்தில் அவளை முந்தக்கூடியவர் செயலாளர் ஒருவர்தான். ஆனாலும் அவள் இடம் கழிவறைக் கதவோரம், கால் ஆடுகிற ஸ்டூல்.

கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது, அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"தலைவரே, தொடர் ஓட்டத்துல இந்த வருஷம் நான் ஓடுறேன்."

தலைவர் தேநீரை உறிஞ்சி, விழுங்கி, அதன்பின் சிரித்தார். "நீங்க வேகமா ஓடுறீங்கம்மா, யாரு இல்லைன்னா? ஆனா வேகம் வேற, வீரர் வேற. வீரருக்குள்ள இதயம் பெரிசு. ஒரே அடி, மொத்த ரத்தமும் போயிடும். உங்களுது டவுன் பஸ் மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குது."

"டவுன் பஸ்ஸ ஏளனம் பண்ணாதீங்க சார். அது ஒருநாள் வரலைன்னா தெரியும், உங்க ஊரு இதயம் எப்படித் துடிக்குதுன்னு."

கூடம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "விதி விதிதான்" என்றார்.

வீட்டில் அவள் புருஷன் சலூன் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். முடிவெட்டுகிறவன், உலகத்தில் பாதிப் பேருடைய தலையெழுத்து தனக்குத் தெரியும் என்று நம்புகிறவன்.

"எழுபத்தாறா? எனக்குப் பெருமையா இருக்குடி. என்னோட குடும்பம் நடத்துறவளுக்கு நியாயமா நூத்திப்பத்து இருக்கணும்."

"விளையாடாதீங்க. எனக்குத் தொடர் ஓட்டம் ஓடுற நாலு பேர்ல ஒரு இடம் வேணும். வாங்காம விடமாட்டேன்."

"வாங்கு. ஆனா பஸ்ஸ எடுத்துட்டுப் போயி அந்தக் கழகத்து மேல ஏத்திடாத. அப்புறம் டிப்போவுக்கு நான்தான் வந்து பதில் சொல்லணும்."

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. விளையாட்டு வீரர்களின் ரத்தக்குழாய் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிறார்களாம்; கழக உறுப்பினர்களை இலவசமாகச் சோதிப்பார்களாம். தலைவர் கடிதத்தை நின்றுகொண்டு வாசித்தார். "விஞ்ஞானம் கடைசியில நம்ம வாசலுக்கு வந்திருக்கு" என்றார். அதன் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் விதிமுறைகள் இருந்தன. அதை வாசித்தவள் டிரைவரம்மா மட்டும். வெறும் வயிற்றோடு வரவும். காப்பி கூடாது. அன்று காலை உடற்பயிற்சி கூடவே கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை எழுதித் தரவும்.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியே வந்தார். ஆறு கிலோமீட்டர்.

அறை சின்னது. காகிதம் விரித்த கட்டில், பச்சைத் திரை, மூலையில் உறுமும் கருவி. சோதனை செய்யும் பெண் டிரைவரம்மாவின் முழங்கைக்குக் கீழே பட்டையைச் சுற்றினாள். மேலே சில்லென்ற பசையைத் தடவி, ஒரு ஸ்கேன் குமிழை வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் இறுக்கிப் பிடிக்கும். கை மரத்துப்போகும். அப்புறம் விட்டதும் ரத்தம் பாயும். அப்ப குழாய் எவ்வளவு விரிஞ்சு குடுக்குதுன்னு பாக்கப் போறேன். நல்ல குழாய்னா வர்ற ரத்தத்துக்கு வழிவிடும். கெட்டுப்போனது விறைச்சுக்கிட்டு நிக்கும்."

"ஆம்புலன்ஸ் வந்தா ஒதுங்குற வண்டி மாதிரி."

"அதே அதே." அந்தப் பெண் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஐந்து நிமிடமும் டிரைவரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். இந்தக் கையாவது தன்னை ஸ்டூலிலிருந்து எழுப்புமா என்பதுதான் ஒரே நினைப்பு. 

எல்லோருக்கும் முடிந்ததும், முடிவுகளைத் தனித்தனியாகச் சொல்வதாகச் சொன்னாள் அந்தப் பெண். தலைவர் கையை உயர்த்தினார்.

"எங்க கழகத்துல ஒளிவுமறைவே கிடையாதும்மா. எல்லார் முன்னாடியும் படிங்க. முதல்ல என்னுது."

"தனியா பேசலாமே சார்."

"படிங்க."

"சரி சார், நீங்க சொல்றீங்க. ரெண்டு சதவீதம் விரிஞ்சுது. ஆனா அந்த நம்பர நான் கணக்குல எடுக்கப் போறதில்ல. ஓடிட்டு வந்திருக்கீங்க, வேர்வை இன்னும் காயல. இன்னொரு நாள் வரணும்."

"பரவாயில்ல. என் நாடி நாப்பத்தாறு. அதையும் சொல்லுங்க."

அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். "அது... ஒத்தத் தலைவலிக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கீங்களே, எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம். அது சும்மா தலைவலிக்கு."

"தலைவலிக்கும் குடுப்பாங்க, பிரஷருக்கும் குடுப்பாங்க சார். துடிப்பைக் குறைக்கிறது அதோட வேலை. உங்க நாப்பத்தாறுல ஓட்டம் எவ்வளவு, மாத்திரை எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியாது. டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க."

செயலாளர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"எனக்கு எவ்வளவு?" என்றாள் டிரைவரம்மா.

"ஒம்பது சதவீதம். இன்னிக்கு வந்ததுல அதிகம் உங்களுதுதான்."

கழகம் மறுநாளே மனம் திருந்தியது. எப்படியென்றால், கரும்பலகையில் நாடியை அழித்துவிட்டு சதவீதத்தை எழுதியது. உச்சியில் ஒன்பது. தலைவருக்கு நேரே ஒரு கேள்விக்குறி. அவளுக்காகத் தலைமை நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். நேற்றுவரை குளியலறையில் அவளை முந்திய பல் டாக்டர், "அக்கா, நீங்க முதல்ல போங்க" என்று துண்டை நீட்டினார்.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஈரத்துணியை எடுத்தாள். பலகையை மேலிருந்து கீழ்வரை, தன் ஒன்பதையும் சேர்த்து, துடைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க? நீங்கதானே இப்ப முதல்!" என்று பதறினார் செயலாளர்.

"நேத்து வரைக்கும் என் நாடியப் பிடிச்சுப் பாத்து ஆகாதவன்னீங்க. இன்னைக்கு என் ரத்தக்குழாய அளந்து பாத்து மகராசிங்கிறீங்க. நாளைக்கு எவனாவது காது மடலை அளந்தா வரிசையா காதக் காட்டுவீங்களா? ஓடுறதுக்குத்தானே கூடியிருக்கோம்? ஸ்டாப் வாட்ச எடுங்க. ஓடுங்க. முதல் நாலு பேரு அணி. அவ்வளவுதான்."

"விதி..." என்று தொடங்கினார் தலைவர்.

"விதிய நீங்கதானே எழுதினீங்க தலைவரே? இன்னொரு வரி எழுதுங்க. பேனா நான் தர்றேன்."

அன்று மாலையே ஓடினார்கள். செயலாளர் முதல், டிரைவரம்மா இரண்டாவது, பல் டாக்டர் மூன்றாவது. தலைவர் நான்காவதாக வந்தார். நியாயமாகவே வந்தார், முகம் செங்கல்லாகி. அவளுக்கே ஒரு நொடி அவர்மேல் மரியாதை வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

போட்டியில் கடைசிச் சுற்று அவளுக்கு, மூன்றாவது தலைவருக்கு. அன்று தலைவர் வளைவில் திரும்பும்போது அணி மூன்றாம் இடத்தில் இருந்தது. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வருவதைக் கோட்டில் நின்று பார்த்தாள். இந்த மனுஷருக்காகக் காத்துக் காத்து வருஷம் போனது போதும் என்று உடம்பு முழுவதும் ஒரு சூடு ஏறியது. அவர் பத்தடி தூரத்தில் வரும்போதே பாய்ந்துவிட்டாள்.

காதில் காற்று அடைத்தது. முதல் வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். எதிர்ப்பக்க நேர்கோட்டில் இன்னொருவரைப் பின்தள்ளினாள். பார்வையாளர்கள் எழுந்து கத்தினார்கள். செயலாளர் கோட்டோரம் இரண்டு கையையும் வீசிக் குதித்தார். பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்துக்கும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து, இன்னும் இழுத்து ஓடினாள். நாடாவை நெஞ்சால் அறுத்தாள். எழுபத்தேழு விநாடி. அவள் ஆயுளிலேயே அதுதான் அதிவேகம்.

தொடர் ஓட்டக் கோல் தலைவர் கையிலேயே இருந்தது.