சுவர் இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி

சாவியைத் திரும்ப வாங்கிய காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ரயில் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன், அண்ணி, அவருடைய தங்கையும் பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவளுமான நான், வீட்டு வசதி வாரியத்தின் மேற்பார்வையாளர் அம்மாள், கொத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்மணி. இந்தக் கடைசி ஆளை எங்கள் குடியிருப்பு முழுவதும் ரேடியோ என்றுதான் கூப்பிடும். காரணம் சொல்லத் தேவையில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் அன்று அந்த மாடிப்பக்கமே வரவில்லை.

அண்ணனுக்குக் கண் தெரியாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஓய்வுபெற்ற பிறகு, சாயங்காலம் இறங்குவது போல, மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டோம். மழையிலும் பனியிலும் சிக்னல் பார்த்து வண்டி ஓட்டிய மனிதரைக் கைபிடித்து நடத்திப் போகும் காட்சியை ஊருக்குக் காட்ட எங்கள் குடும்பம் தயாராக இல்லை.

மானம் ஒரு காரணம். வாரியத்தின் விதி இன்னொரு காரணம். பார்வையில்லாதவருக்கு இந்த வீடு பாதுகாப்பில்லை என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டால், அவரை நகரத்தின் மறுமுனையில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஆளுக்கு ஓர் அறை. மனைவியோ தங்கையோ கூடப் போக முடியாது. கீழ்மாடியில் இருந்த புத்தக பைண்டரை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். அவர் மனைவி இன்றைக்கும் இரண்டு டம்ளர் கழுவி வைக்கிறாள்.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவர் கை நீட்டினால் நான் இருமுவேன். உட்காரச் சொன்னால் அண்ணி நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுப்பார். ஆள் எழுந்து போனால் அண்ணியின் வளையல் குலுங்கும். மீதியைச் சுவர் பார்த்துக்கொண்டது. வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர். அதில் விரலை வைத்தால் அண்ணன் வீடு முழுவதும் போய்வருவார். சும்மா சாய்ந்து நிற்பவர் போலத்தான் தெரியும். அவர் விரல் போன வழியில் பெயின்ட் மினுமினுவென்று ஒரு கோடாகத் தேய்ந்திருக்கும். விருந்தாளி வருகிறார் என்றால் அண்ணி முந்தின நாளே அதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிடுவார்.

அரசு, பழைய குடியிருப்புகளை மேம்படுத்த நிதி ஒதுக்கியது. மேற்பார்வையாளர் அம்மாள் எல்லோரையும் மாடிப்படியின் கீழே கூட்டி வைத்துத் திட்டத்தைப் படித்தார். புதிய ஜன்னல், புதிய குழாய், சுவரில் பதித்த அலமாரி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எல்லா வீட்டிலும் எடுத்துவிடுவார்கள், காற்றோட்டமாக இருக்கும்.

“யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

“எனக்கு இருக்கு மேடம்,” என்றாள் ரேடியோ. “சுவர எடுத்துட்டா நான் சமைக்கிற நேரமெல்லாம் எங்க வீட்டுக்காரர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கணும். கறி கருகிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி என் கையைக் கிள்ளினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேனே தவிரக் கையைத் தூக்கவில்லை. ஆட்சேபணை என்றால் காரணம் கேட்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரே காரணம்.

வேலை முடியும்வரை எல்லோருக்கும் அவரவர் மாடியில் எதிரே காலியாக இருந்த வீட்டைக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது எங்கள் வீடேதான், கண்ணாடியில் பார்த்தது போல. இடது வலதாகவும் வலது இடதாகவும் இருந்தது. முதல் நாள் அண்ணன் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நடுக்கூடத்தில் நின்று சிரித்தார்.

“சட்டையைப் புரட்டிப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. தையல் எல்லாம் வெளியில தெரியுது.”

“நல்லவேளை, பொண்டாட்டியைப் புரட்டிப் போடல,” என்றார் அண்ணி.

பிறகு கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, அதன்மேல் பச்சை வலை போர்த்தினார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்த வெளிச்சம் வேறு வெளிச்சம். குளத்தின் அடியில் குடியிருப்பது போல இருந்தது. அண்ணியின் வெள்ளைப் புடவை இளம்பச்சையாக அசைந்தது. புறாக்கள் வலைக்கு வெளியே பறக்கும்போது அவற்றின் நிழல் எங்கள் தரையில் மீன்களைப் போல ஓடியது. தெருச் சத்தம் எங்கோ தொலைவில், யாரோ கனவில் பேசுவது போலக் கேட்டது. நான் காலையில் எழுந்து எங்கே இருக்கிறோம் என்று யோசித்து, நினைவு வருவதற்குள் மறுபடி தூங்கிப்போயிருக்கிறேன். என் வாழ்நாளில் அதற்கு முன் அப்படித் தூங்கியதில்லை.

அண்ணனுக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. அங்கே அவருக்குக் கனவில் கண் தெரிந்ததாம்.

“எல்லாம் தெரியுது, தங்கச்சி. வண்டி இந்த நடைபாதை வழியா மெதுவா வருது. சத்தமே இல்ல. சமையலறைக்கிட்ட நிக்குது. உங்க அண்ணி கரண்டியை ஆட்டி வழி விடறா.”

“பச்சையா, சிவப்பா?” என்று கேட்டார் அண்ணி.

“கரண்டிதான்.”

சில வாரம் என்று சொன்ன வேலை பருவம் மாறியும் முடியவில்லை. முதல் தவணை வந்தது, சுவரை இடித்தார்கள். அடுத்த தவணை வரவில்லை. சாரம் அப்படியே நின்றது. கொத்தனார் தினமும் வந்து, ஒரு பீடியைப் பற்றவைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, “நிதி வரலைங்க” என்பார். மழை வரவில்லை என்று சொல்வது போலவே சொல்வார். பிறகு திடீரென்று ஒரு நாள் நிதி வந்தது. ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமாம். ஒரே சமயத்தில் எல்லா வீட்டிலும் சுத்தியல் விழுந்தது. வலையை அவிழ்த்தார்கள். எங்கள்மேல் வெறும் வெள்ளை வெயில் அடித்தது. நாங்கள் விழித்துக்கொண்டோம்.

சாவி வாங்கும் நாளுக்கு முன்னால் அண்ணனைப் புதிய வீட்டில் நடத்திப் பழக்கலாம் என்று நினைத்திருந்தேன். பெயின்ட் காயவில்லை என்று யாரையும் உள்ளே விடவில்லை. அதனால் இடது, வலது, இத்தனை எட்டு என்று வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் காலையில் மேற்பார்வையாளர் அம்மாள் சாவியை நீட்டினார். நான் இருமினேன். அண்ணன் கம்பீரமாகக் கை நீட்டி வாங்கினார். வாசலைத் தாண்டினார். கால் பழகிய வழியில் திரும்பினார், அதாவது எதிர்வீட்டில் பழகிய வழியில். வலது பக்கம் போய், புதிய அலமாரியின் முன்னால் நின்று, அதன் கைப்பிடியைப் பிடித்துத் திறந்தார்.

“அருமையான ஜன்னல்,” என்றார். “என்னா காத்து!”

காலி அலமாரிக்குள்ளிருந்து பெயின்ட் வாசனைதான் வந்தது. அண்ணியின் வளையல்கூட அசையவில்லை. ரேடியோ வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

மேற்பார்வையாளர் அம்மாள்தான் முதலில் சிரித்தார். “இன்னைக்குக் காலையிலேர்ந்து எல்லார் வீட்டுலயும் இதே கூத்துதான். மேல்மாடியில ஒரு பஸ் கண்டக்டர் செருப்பைக் கொண்டுபோய்த் தொட்டித்தண்ணியில விட்டுட்டார். இத்தனை நாள் எதிர்வீட்டுல இருந்துட்டு வந்தா, காலு அப்படித்தான் திரும்பும். இந்தப் பக்கம் வாங்க ஐயா.”

கண் உள்ளவர்கள் எல்லோரும் செய்த தவறையே அண்ணனும் செய்திருந்தார். மானம் தப்பியது. அண்ணன் இரண்டடி நகர்ந்து, சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டால் போதும்.

அண்ணன் இரண்டடி நகர்ந்தார். இடது கை தானாக எழுந்து சுவரைத் தேடியது. சுவர் இல்லை. கை காற்றில் நின்றது. நான் இருமினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. மறுபடி இருமினேன்.

“இருமாத, தங்கச்சி,” என்றார் அண்ணன். “போதும்.”

செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் தரையைத் தடவினார். சுவரை எடுத்த இடத்தில் சிமென்ட் பூசி மூடிய ஒரு நீளமான தழும்பு இருந்தது. பாதம் அதைக் கண்டுபிடித்தது. அதன்மேலேயே நின்றார்.

“இங்கதான இருந்துச்சு?”

“ஆமாங்க ஐயா,” என்றார் கொத்தனார்.

“அம்மா,” என்று மேற்பார்வையாளர் இருந்த திசையில் திரும்பினார். திசை சரியாகத்தான் இருந்தது. “அவங்க எல்லாம் கண்ணோட போய் முட்டினவங்க. எனக்குக் கண் இல்ல. சிக்னல் தெரியலன்னா டிரைவர் ஊகிச்சு ஓட்டக் கூடாது. வண்டியை நிறுத்தணும். நான் நிறுத்திட்டேன். என்ன செய்யலாம்னு நீங்க சொல்லுங்க.”

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். பைண்டர் மனைவியின் இரண்டு டம்ளர்கள் என் கண்முன் வந்தன. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“என் அண்ணன் சொல்றது உண்மை,” என்றேன். “எங்க குடும்பத்துல பொய்யான சாட்சி சொல்ல மாட்டோம்.”

“இத்தனை வருஷமா இருமினீங்களே, நாத்தனாரே,” என்றார் அண்ணி தரையிலிருந்து, அழுதுகொண்டே. “அது என்ன சாட்சி?”

மேற்பார்வையாளர் அம்மாள் பேனாவை மூடிப் பையில் போட்டார். கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார்.

“பாதுகாப்பில்லாத வீடுன்னாதான் மாத்தணும்,” என்றார். “பாதுகாப்பா ஆக்கிட்டா மாத்த வேண்டாம். கைப்பிடி போடறதுக்குன்னே இந்தத் திட்டத்துல தனியா நிதி இருக்கு. இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூடக் கேக்கல. எல்லாருக்கும் வெட்கம். கேக்காம விட்டா ஆண்டு முடிஞ்சதும் திரும்பிப் போயிடும். நீங்க கேளுங்க.”

கேட்பது என்பது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லாத காரியம். அண்ணன் பதில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. இருமலை எதிர்பார்க்கும் முகம்.

“என் அண்ணனுக்கு ஒரு கைப்பிடி வேணும்,” என்றேன் நான். “அந்தச் சுவர் இருந்த இடத்துல, முழு நீளத்துக்கும்.”

கொத்தனார் அன்று மத்தியானமே தழும்பை உடைத்துக் குத்துக்கால்கள் நட்டார். அவற்றின்மேல் வழவழவென்று இழைத்த மரம். அண்ணன் இப்போது அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். விரல் போகும் வழியில் ஏற்கெனவே மினுமினுப்பு வந்துவிட்டது. யார் வந்தாலும் அண்ணி அதை மறைப்பதில்லை. சில காலைகளில், வெயில் அந்த மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது, சத்தமே இல்லாமல் ஒரு வண்டி கூடத்தைக் கடப்பது போல எனக்கும் தோன்றும்.

ரேடியோ இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் “எனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டாளாம். அவள் வாயை மூடியதால் மற்ற வாய்கள் எல்லாம் திறந்துகொண்டன. கூடத்தின் நடுவே இருக்கும் அந்த மரம் துணி காயப்போடும் கம்பமாம். மேற்பார்வையாளர் அம்மாள் எங்களுக்குச் சொந்தமாம். செல்வாக்கைக் காட்டி வாங்கினோமாம்.

அது துணி காயப்போடும் கம்பம் அல்ல. அந்த அம்மாள் எங்களுக்குச் சொந்தமும் அல்ல. என் அண்ணனுக்குக் கண் தெரியாது. அதனால் கேட்டோம். கொடுத்தார்கள்.