முப்பதாவது கிலோமீட்டரில் ஒதுங்கிவிடு

பிள்ளை பெற்றால் கால் தேய்ந்துவிடுமா என்ன? யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பேறுகால விடுப்பு முடிந்து எங்கள் மின்சார அலுவலகத்துக்குள் நுழைந்த நாள் முதல் எல்லாரும் என் காலை அப்படித்தான் பார்த்தார்கள். நான் அங்கே மாரத்தான் ஓட்டக்காரி என்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள். காலையில் பயிற்சி, அப்புறம் மீட்டர் பிரிவில் மேசை வேலை. திரும்பி வந்தபோது மேசை போட்ட இடத்திலேயே இருந்தது. அணியில் என் இடம்தான் போயிருந்தது.

அந்த இடத்தில் பட்டாசு இருந்தாள். படபடவென்று பேசுவாள், அதைவிடப் படபடவென்று ஓடுவாள், அதனால் அந்தப் பெயர். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் எங்கள் பயிற்சியாளர் மேல்தான். அவரை நாங்கள் விசில் என்போம். குளிக்கும்போதுகூடக் கழுத்திலிருந்து அதைக் கழற்றமாட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு.

தேசியப் போட்டிக்கு எங்கள் அலுவலகம் ஒரே ஒரு பெண்ணை அனுப்பும். நகர மாரத்தானில் எங்கள் அணியில் யார் முதலில் வருகிறாளோ அவளை. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் விசில் என்னை விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டார். அலமாரியில் நான் வாங்கிய கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் யாரோ பேனாக்களைச் செருகி வைத்திருந்தார்கள்.

"உக்காரும்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"ஓடுற மாதிரி இருக்கு சார்."

"சந்தோஷம். இந்தத் தடவ நீ பட்டாசுக்குப் பேஸரா ஓடு. முன்னாடி ஓடி அவளுக்கு வேகம் பிடிச்சுக் குடு. முப்பதாவது கிலோமீட்டர்ல ஒதுங்கிடு. பிள்ளைக்காரி, உனக்கும் சிரமம் இருக்காது பாரு."

பேஸர் என்றால் வேறொன்றுமில்லை, கறிவேப்பிலை. இன்னொருத்திக்காகக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் ஓரமாகப் போய்விட வேண்டும்.

"முழுசா ஓடுறேனே சார். யார் முதல்ல வராங்கன்னு பாத்துக்கலாமே."

"அதெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷமாம்! எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வருஷம் ஒதுங்கினால் அடுத்த வருஷமும் இதே நாற்காலியில் உட்கார வைத்து இதே பேச்சைத்தான் பேசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேஸரா ஓடுறேன் சார்" என்றேன். ஒதுங்குவதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒதுங்காமல் போவாளோ என்ற சந்தேகம் வந்தால்தானே கேட்பதற்கு. அந்தப் போட்டியில் பேஸருக்கென்று தனி எண்ணும் கிடையாது. எல்லாரையும் போல எனக்கும் ஒரு எண் வந்தது, எல்லாரையும் போல எல்லைக்கோடு வரை ஓடலாம்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டை என்னிடம் கேட்க வேண்டாம், செத்த மீட்டர்கள் குவிந்து கிடக்கும் ஸ்டோர் ரூமைக் கேளுங்கள். கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் பால் எடுத்து வைப்பேன். எங்கள் கைப்பிள்ளை குண்டன் ஒரு தனிப் பிறவி. பிள்ளைகள் குடிக்கும் புட்டியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் ஓடும்போது குடிக்கிற நீலப் புட்டிதான் வேண்டும், அதன் மூக்கைத்தான் சப்புவான். அதனால் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரே மாதிரி நீலப் புட்டிகள் நிற்கும். சிலவற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், எனக்கு. சிலவற்றில் பால், அவனுக்கு.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"முப்பதுக்கு அப்புறம் குடிக்க என்ன பண்ணுவ?"

நல்ல கேள்வி. நம் புட்டியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மேசையில் எண் ஒட்டி வைத்திருப்பார்கள். மேசையில் இல்லாததை யாராவது வழியில் நீட்டி, நாம் வாங்கிவிட்டால் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள். எனக்கு இருபத்தைந்தாவது கிலோமீட்டர் வரைக்கும்தான் புட்டி வைக்கச் சொல்லியிருந்தார் விசில்.

"முப்பத்தஞ்சுக்கு ஒண்ணு நான் குடுத்துடறேன். உங்க விசிலுக்குத் தெரியாது, நீ ஓட்டத்தப் பாரு" என்றார் அவர். போட்டியன்று விடியலில் அவரே எண் ஒட்டி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு குண்டனையும் அவனுக்கொரு பால் புட்டியையும் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டருகே காத்திருக்கப் போனார்.

முப்பது கிலோமீட்டர் வரைக்கும் ஒப்புக்கொண்டதை ஒழுங்காகச் செய்தேன். மீன் சந்தையின் ஈர வாடையைக் கடந்தோம், பாலத்தில் எதிர்க்காற்று அறைந்தது. எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொண்டேன், பட்டாசு என் முதுகுக்குப் பின்னால் சுகமாக வந்தாள். முப்பதாவது கிலோமீட்டர் பலகைக்குக் கீழே விசில் எனக்காகத் துண்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஓரமாக வீசினார். நான் அவரைத் தாண்டி ஓடினேன். பின்னால் விசில் ஊதிய ஊதலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா! நிக்கலையா?" என்றாள் பட்டாசு.

"நிக்கல. நானும் கடைசி வரைக்கும் ஓடப் போறேன். உன்கிட்ட மறைக்க மாட்டேன்."

"இது அநியாயம்க்கா!"

"ஆமா, அநியாயம்தான். எனக்கு நடந்ததும் அதேதான். இப்ப ஓடு."

ஓடினாள். கோபத்தில் அப்படி ஓடினாள். ஒரு திருப்பத்துக்குள் என்னை விட்டு முன்னே போய்விட்டாள். என் தொடை இறுகியது, மார்பு இரண்டும் கல்லாய்க் கனத்தன, பனியன் நனைந்து ஒட்டியது. பேசாமல் அந்தத் துண்டை வாங்கியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் மேசையில் என் எண் ஒட்டிய நீலப் புட்டி நின்றது. பாய்ந்து எடுத்து ஒரு வாய் இழுத்தேன்.

பால்.

அட கடவுளே! ஒரே மாதிரி புட்டி, விடியல் அவசரம், மனுஷன் மாற்றி ஒட்டிவிட்டார். வாயிலிருந்ததைத் துப்பப் போனேன். துப்பவில்லை. ஸ்டோர் ரூமில் ஒளிந்து உட்கார்ந்து நான் எடுத்த பால், எதற்குத் துப்ப வேண்டும்? கசக்கிப் பிழிந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அதற்கப்புறம்தான் பொறி தட்டியது. குண்டனின் பால் என் வயிற்றில் இருக்கிறது என்றால், அவர் கையில் இருப்பது உப்புத் தண்ணீர். எல்லைக்கோட்டருகே என் பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருப்பான். அவனுக்குப் பால் கிடைக்க ஒரே வழிதான் உண்டு, நான் போய்ச் சேருவது.

அவ்வளவுதான். வலி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்காரியால் ஓட முடியாதாம்! பிள்ளை அழுகிறான் என்று தெரிந்த பிள்ளைக்காரியை எவராவது நிறுத்திப் பார்க்கட்டும். நீதிமன்றச் சாலையில் பட்டாசின் முதுகு தெரிந்தது. ஸ்டேடியத்தின் வாசலில் அவளைப் பிடித்தேன். விடவில்லை அவளும். மைதானத்துக்குள் கடைசிச் சுற்று முழுக்கத் தோளும் தோளும் இடிக்க ஓடினோம். கோட்டில் நான் ஓரடி முன்னால் விழுந்தேன், அவள் என் மேலேயே விழுந்தாள்.

"ஏங்க, குடுங்க அவன!"

"மாத்திட்டேன், நான் ஒரு மடையன்" என்று என் வீட்டுக்காரர் சிவந்த முகத்தோடு பிள்ளையை நீட்டினார். பதக்கமும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். குண்டன் என்னைக் கோபத்தோடு முறைத்துக்கொண்டே குடித்தான்.

விசில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்க? பேஸரா ஓடச் சொன்னா அவ இடத்தையே பிடுங்கிட்டியே!"

"பிடுங்கல சார். ஓடி எடுத்தேன்." நான் திரும்பவில்லை, சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "என்னத் தோக்கடிக்கணுமா, ஓடவிட்டுத் தோக்கடிங்க. நிக்க வச்சுத் தோக்கடிக்காதீங்க."

அவர் பட்டாசைப் பார்த்தார். அவள் கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்தபடி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அவங்க பேரையே அனுப்புங்க சார்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு பார்த்தாள். நல்ல கோபம் இருந்தது அந்தப் பார்வையில். "ஆனா அக்கா, அடுத்த தடவ உங்க முதுகுக்குப் பின்னாடி ஓட மாட்டேன்."

"ஓடாத" என்றேன். "எனக்கு முன்னாடி ஓடு. வந்து பிடிக்கிறேன்."

ஒரு பக்கம் தீர்ந்திருந்தது. குண்டனை மறுபக்கம் மாற்றினேன்.