ஐந்தாவது இதழ்

சத்தியமங்கலம் காட்டில் 1931-இல் பறித்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிய நாலிதழ்ப் பூவுக்கு, 2024 ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஐந்தாவது இதழ் முளைத்தது. அன்று செவ்வாய்க்கிழமை, லேசான தூறல்.

கோயமுத்தூரில் அந்தத் தாள் இருக்கும் செடி அருங்காட்சியகத்தில், காட்டுச் செடி ஆராய்ச்சிக்கு இளசுகளை இழுக்க ‘பார்த்து வரை’ என்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். காய்ந்த செடியைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். சரியாக வரையும் பத்துப் பேருக்கு ஒரு மாதம் காட்டில் ஆராய்ச்சிக்காரர்களோடு வேலை. கோட்டைமேடு மெத்தைக்கடை அப்துல் குத்தூஸின் மகள் ரிஃபத், பிளஸ் ஒன், அந்தக் காட்டுக்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவசரத்தில், சரியாகப் பார்க்காமல், ஐந்து இதழ் வரைந்துவிட்டாள். நம் பிள்ளைகள் எந்தப் பூவை நீட்டினாலும் பாடப்புத்தகத்துச் செம்பருத்தியைத்தான் வரைவார்கள், கை அப்படிப் பழகிவிட்டது. நடுவர்கள் ஒப்பிட்டபோது பூவிலும் ஐந்து இருந்தது. தேர்வாகிவிட்டாள்.

இருபத்தாறு வருடமாக அங்கே செடித் தாள்களைக் காக்கும் வெள்ளியங்கிரிக்குச் சந்தேகம் என்று வந்துவிட்டால் சோறு இறங்காது. பூவுக்கு நாலிதழ்தான் என்பது அவருக்குத் தெரியும். லென்ஸ் வைத்துப் பசை தேடினார். பசை இல்லை, அதனாலேயே சந்தேகம் கூடியது. கேமராவில் அவள் பென்சிலைத் தவிர எதையும் தொடவில்லை. கேமராவையும் சந்தேகப்பட்டு, பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார். குத்தூஸோ அருங்காட்சியகத்தையே சந்தேகப்பட்டார். “எம்பொண்ணைக் கழட்டி உடோணும்னே பூவை மாத்திப்போட்டீங்களாங்க?” என்று வாசலில் நின்று கேட்டார்.

சனிக்கிழமை, எல்லோர் முன்னாலும், தாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சீல் போட்டு, ரிஃபத்தை மறுபடி வரையச் சொன்னார்கள். இந்த முறை நரம்பு நரம்பாகப் பார்த்து வரைந்தாள். பூவில் எதுவும் மாறவில்லை, அதே ஐந்து இதழ்.

“பாத்தீங்களா? பூட்டிப்போட்டா ஒண்ணும் நடக்கலீங்க” என்றார் வெள்ளியங்கிரி.

“நீங்க வரைங்க சார். அப்பறம் எம்பேரை அடிங்க” என்றாள்.

அவர் ஒரு தடவைகூடத் தலை தூக்காமல் வரைந்து முடித்தார். இத்தனை வருடம் காத்த தாளை இனி எதற்குப் பார்ப்பது? சீல் அப்படியே இருக்க, பெட்டிக்குள் ஐந்தாவது இதழ் மறைந்தது. கூடவே, அவர் வரைய மறந்த மூன்று இலைகளும் மறைந்தன.

வெள்ளியங்கிரி பென்சிலைக் கீழே வைத்தார். “ஏனுங் கண்ணு, நானும் பாக்காமத்தான் வரைஞ்சுபோட்டேன்” என்று சொல்லி, அவள் பெயரைத் தன் கையாலேயே திரும்ப எழுதினார்.

ரிஃபத் ஆகஸ்டில் காட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளியங்கிரி தினமும் காலையில் அவளுடைய சனிக்கிழமைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறைந்த இலைகளை வரைகிறார். இரண்டு இலைகள் திரும்பி வந்தாயிற்று. மூன்றாவதில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கின்றன. மனுஷன் அவற்றை எண்ணி எண்ணி வரைகிறார்.