ஒரு பக்கத்துக்கு மிகாமல்

1

இந்தக் கதைக்கு நான் பொறுப்பில்லை. ஒரு விண்ணப்பப் படிவம்தான் பொறுப்பு. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் என் மனைவிக்கு இடம் கேட்டுப் போயிருந்தோம், மகளும் நானும், அவளையும் கூட்டிக்கொண்டு. படிவத்தின் பதினேழாம் கேள்வி: "உங்கள் உறவினர் எப்படிப்பட்டவர்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும்."

என்னிடம் போய் இப்படிக் கேட்கலாமா? முப்பத்தொரு வருடம் நீதிமன்றத் தட்டச்சர். அடுத்தவர் சொன்னதை ஒரு காற்புள்ளி கூட்டாமல் அடித்த கை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தக் கை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. [இதற்கு முன் நாற்பது இல்லங்கள் பார்த்தோம். சரி, நான்கு.]

2

முதல் தொடக்கம்: "தண்ணீரே அவளைக் கண்டால் ஒதுங்கி வழிவிடு—" [கோடு போட்டு அடித்துவிட்டேன். நல்ல வரிதான். மகள் முறைத்தாள்.]

இரண்டாவது: "என் மனைவி நீச்சல் பயிற்சியாளர். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்ட நகராட்சி உறுப்பினரை, கோட்டும் காலணியுமாக, ஒரே உதையில் குளத்துக்குள் அனுப்பினாள்."

இதை அடிக்கவில்லை. நடந்தது வேறு. அந்த ஆள் பாசி வழுக்கித் தானே விழுந்தார். இவள்தான் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். ஆனால் உதை இல்லாமல் அது ஒரு கதையா, நீங்களே சொல்லுங்கள்.

3

இல்லத்து மேற்பார்வையாளர் அம்மா சிரிக்காமல் படித்தார்.

"இவங்களுக்குக் கீழ்த்தளம் சரிப்படாதுங்க ஐயா. பூட்டி வைக்கிற மூணாவது மாடிதான்."

"கீழதானேம்மா தோட்டம் இருக்கு? அவ நடந்துகிட்டே இருக்கணுமே!"

"ஆளைத் தள்ளுவாங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது முப்பது வருஷத்துக்கு முந்தி!"

"இங்க இருக்கிறவங்களுக்கு முப்பது வருஷத்துக்கு முந்தினதுதான் இப்ப நடக்குதுங்க ஐயா."

"உங்க கை சும்மாவே இருக்காதாப்பா?" என்றாள் மகள். "கீழ ஒரே ஒரு கட்டில்தான் காலி."

மூன்றாவது மாடியையும் காட்டினார்கள். வெளியேறும் கதவு தெரியாமலிருக்க, அதன்மேல் புத்தக அலமாரி வரைந்திருந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர், நகத்தால் சுரண்டி ஒரு புத்தகத்தை உருவப் பார்த்துக்கொண்டிருந்தார். [அவரை முன்னாள் நூலகர் என்று எழுத ஆசை. யாரென்று தெரியாது.]

4

புதுப் படிவம் வந்தது.

"கதை வேணாங்க ஐயா. கை ஓங்குவாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் எழுதுங்க. கீழ பக்கத்துக் கட்டில் அம்மா, இடுப்பெலும்பு முறிஞ்சு இப்பத்தான் தேறி வர்றாங்க."

அதன் பின்பக்கத்தில்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை நீங்கள் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. உதை பொய். ஆனால் இரண்டு மாதமாக, தலையில் ஷவர் தண்ணீர் பட்டால் அவள் அடிக்கிறாள். நூறு பேருக்குத் தண்ணீரில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தவள் [ஆயிரத்துக்கு மேல், இதை மட்டும் எப்படியோ குறைத்துவிட்டேன்] "முக்கிக் கொல்றான், யாராவது வாங்களேன்" என்று அலறி, என் வாயில் குத்துகிறாள். பல் ஒன்று போய்விட்டது. படியில் விழுந்தேன் என்று மகளிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். ஜோடனையே இல்லாமல் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

5

முடிவுகள்:

அ) "மாட்டார்" என்று எழுதுகிறேன். தோட்டம் கிடைக்கிறது. ஒருநாள் குளியலறை வாசலில், அந்த இடுப்பெலும்பு அம்மா குறுக்கே வந்து—

ஆ) "ஓங்குவார்" என்று எழுதுகிறேன். அலமாரிக் கதவு சாத்திக்கொள்கிறது. அந்தப் பக்கம் நகச் சத்தம், இந்தப் பக்கம் நான்—

இ) வீட்டுக்கே திரும்பி, மிச்சமுள்ள பற்களோடு இருவரும் சந்தோஷமாக—

"அப்பா." மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள். "பல்லு... படியில விழுந்து போகலையா?"

நான் தாளைக் கையால் மூடினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாட்டாங்கன்னே எழுதிடுங்க."

[அவள் நல்ல பெண். இதைச் சொன்னதற்காக அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.]

வரவேற்பறையில் என் மனைவி, யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க. மூச்சை அடக்காதீங்க, விடுங்க, விடுங்க" என்கிறாள். அந்தப் பெண்மணியும் விடுகிறார்.

ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவார்கள். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பேனா உங்களிடம். ஒரே சொல் போதும். கீழே அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருப்பது உங்கள் அம்மா என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.