குழாய்ச் சுவரைப் பார்த்தவள்

குற்றால அருவித் தண்ணீர் எந்தத் தலைவலியையும் ஓட்டிவிடும் என்று மந்திரமூர்த்தி அடித்துச் சொல்வார். முப்பது வருஷமாக அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவர் வேறென்ன சொல்வார்? அந்த வாரம் மண்டையில் இடி இறங்கியது போல மூன்று முறை வலி வந்து, தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டார்.

ஸ்கேனில் மூளையின் இரத்தக்குழாய்கள் அங்கங்கே சுருங்கித் தெரிந்தன. குழாய்ச் சுவரில் அழற்சி என்றால் உடனே ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும். வெறும் சுருக்கம் என்றால் அந்த ஸ்டீராய்டே பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். வழக்கமான படத்தில் ரத்தம் ஓடும் பாதைதான் தெரியும், சுவர் தெரியாது. சுவரைப் படமெடுக்க மதுரைக்கு அனுப்புவதென்று டாக்டர் நம்பிராஜன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்.

"நான் எடுக்குதேன் சார்" என்றாள் ஜுஹைனா. கடையநல்லூர்க்காரி, எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். மெஷின் ஓய்ந்திருக்கும் நேரமெல்லாம் ஆறு மாதமாக அந்த முறையைப் பழகியிருந்தாள். நோயாளி யாருக்கும் எடுத்ததில்லை. டாக்டர் யோசித்து, ஒரு மணி நேரம் கொடுத்தார்.

முதல் படம் பாழ். மந்திரமூர்த்தியின் கைகள் பழக்கதோஷத்தில் அவர் தொடையையே பிசைந்துகொண்டிருந்தன, தலையும் கூடவே ஆடியது. ஜுஹைனா உள்ளே போனாள்.

"அண்ணாச்சி, நீங்க தேய்க்கும்போது ஆளு ஆடுனா என்ன செய்வீக?"

"முதுகுல ஒண்ணு போடுவேன்."

"இப்ப நானும் போடட்டுமா?"

அவர் சிரித்துவிட்டார். அவர் கைகளைச் சேர்த்துக் கட்டியபடியே, மூன்று முறையும் எங்கே இருந்தபோது வலி வந்தது என்று கேட்டாள்.

"மொத தடவ அருவியில நிக்கையில. தீரட்டும்னு மறுநாளும் போனேன், அங்கனயே திரும்ப இடிச்சுது. விடுவேனா? மூணாம் நாளு இன்னும் நல்லா தலையக் குடுத்தேன்."

ஜுஹைனா தலையில் அடித்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரும் குழாயைச் சுருக்கும் என்று படித்திருந்தாள். ஆனால் ஊகத்தை நம்பி ஸ்டீராய்டு வேண்டாமென்று விட்டுவிட முடியுமா? படம்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறை மனிதர் அசையவில்லை. படத்துக்கான சாய மருந்தை நரம்பில் ஏற்றி மறுபடி எடுத்தாள். அழற்சி இருந்தால் சுவர் வெள்ளையாக ஒளிர வேண்டும். ஒவ்வொரு குழாயாகத் தேடினாள். எங்குமே ஒளிரவில்லை. தலைமுடி கனத்தில் சுவர் அத்தனை சுத்தமாகத் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்பிராஜன் பத்து நிமிஷம் திரையை விட்டு நகரவில்லை. பிறகு, தேவைப்படுமோ என்று மருந்துச் சீட்டில் எழுதி வைத்திருந்த ஸ்டீராய்டைக் கோடு போட்டு அடித்தார்.

"வெறும் சுருக்கந்தான் அண்ணாச்சி, சரியாயிரும். நான் சொல்லுத வரைக்கும் அருவிப் பக்கமே போகக்கூடாது."

"சரி சார். அதுக்காக அருவியக் குத்தம் சொல்லிராதீக."

அப்போது டாக்டரின் போன் அடித்தது. நோயாளி கிளம்பியாச்சா என்று மதுரையிலிருந்து கேட்டார்கள்.

"அனுப்பலை" என்றார் நம்பிராஜன், வார்டுக்கே கேட்கும் குரலில். "எங்க ஜுஹைனா இங்கனயே எடுத்துட்டா. படத்த அனுப்புதேன், உங்க ஆளுகளுக்குக் காட்டுங்க."