இறக்கத்தில் நியூட்ரல்

பெருமாள்மலை தாண்டி இறக்கம் தொடங்கியதும் முட்டைக்கோசு ஏற்றிய லாரியை இரண்டாம் கியருக்கு மாற்றினேன். பக்கத்தில் இருந்த முதலாளி சேனாதிபதிக்குப் பொறுக்கவில்லை. நான் படித்த பட்டத்தையே பெயராக்கிக் கூப்பிடுவார்.

“ஏலே பி.ஏ., நியூட்ரல்ல விடுறா. இறக்கத்துல எதுக்கு டீசலை எரிக்கிற? வெரசா போனாத்தான் கோசு விலை போகும்.”

“பாரம் கூடுதலுங்க. பிரேக் சூடானா பிடிக்காது.”

“மத்தவன் எல்லாம் அப்படித்தானே ஓட்டுறான்?”

“லீலா ஏறுன லாரி டிரைவரும் அப்படித்தாங்க ஓட்டுனான். பிரேக் பிடிக்காம பள்ளத்துல போச்சு.”

என் மனைவி லீலாவின் சாவுக்கு மாலையோடு வந்தவர் அவர்.

“அது அவ விதி. நீ நியூட்ரலுக்குத் தள்ளு.”

வண்டியை ஓரங்கட்டிச் சாவியை அவரிடம் நீட்டினேன். அவருக்கு ஓட்டத் தெரியாது. பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“உன் இஷ்டப்படி ஓட்டு. ஒட்டன்சத்திரத்துல சரக்கை எறக்கிட்டு வேற சோலி பாத்துக்க.”

“சரிங்க” என்று வண்டியை எடுத்தேன்.